ரேடியோ, அமோனியா, ஸ்லாட் மெஷின்: காப்புரிமை எதற்குத்தான் வேலி போடுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: பழைய காப்புரிமைப் பட்டியல் ஒன்றில் ரேடியோ ரிசீவர், ஒரு வேதித் தயாரிப்பு முறை, சூதாட்ட இயந்திரம் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் எதற்குத்தான் காப்புரிமை கொடுத்தார்கள்? ரேடியோவையே ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா? இயற்கையாக நடக்கும் வேதிவினைக்கு உரிமை உண்டா? சூதாட்டத்துக்குமா கொடுப்பார்கள்? அவை இன்றும் செல்லுமா?

மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் வியப்பில்லை. அமெரிக்கக் காப்புரிமை அரசிதழ் நெடுங்காலமாகப் பொது மற்றும் இயந்திரவியல், வேதியியல், மின்னியல் என்று மூன்று பகுதிகளாகத்தான் வந்தது. உலகளாவிய வகைப்பாட்டில் ரேடியோ ரிசீவர் 'எச்' பிரிவுக்கும், அமோனியா தயாரிப்பு 'சி' பிரிவுக்கும், காசு போட்டு ஆடும் இயந்திரம் 'ஜி' பிரிவுக்கும் போகும். அலமாரி மட்டும்தான் வேறு, சட்டம் ஒன்றே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை ஆவணத்தை முன்னாலிருந்து படிக்காதீர்கள். படங்கள், முன்கதை, 'இதற்கு முன் இருந்த குறைகள்' எல்லாம் இருக்கும், சுவாரசியமாகவும் இருக்கும். ஆனால் சட்டப்படி உயிர் இருப்பது 'உரிமைக்கோரல்கள்' என்ற பகுதியில்தான். அமெரிக்க ஆவணங்களில் அது கடைசியில் வரும். எண் போட்ட, மூச்சு விடாமல் நீளும் வாக்கியங்கள். வேலி எங்கே ஓடுகிறது என்பதை அவை மட்டுமே சொல்லும். தலைப்பில் 'ரேடியோ' என்று இருக்கலாம். கோரலில் இருப்பது 'இந்தச் சுருளை இந்த இடத்தில் இப்படி இணைத்தால்' என்பதாக இருக்கும்.

இன்னொன்று. கோரலை எழுதுபவர் மனத்தில் எப்போதும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: நாளை ஒருவன் இதைக் காப்பி அடித்தால் எனக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்று துறைகளும் வேறுபடுவது இங்கேதான் என்பது என் கருத்து. ரேடியோவில் மூடியைத் திறந்தால் திருட்டு தெரிந்துவிடும். வேதித் தொழிலில் திருட்டு ஆலைச் சுவருக்குப் பின்னால் நடக்கும். சூதாட்ட இயந்திரத்தில், கண்ணுக்கு ஒன்று தெரியும், உள்ளே நடப்பது வேறாக இருக்கும்.

ரேடியோவிலிருந்தே தொடங்கலாம், சண்டை அதிகம் நடந்த இடம் அது.

'ரேடியோவைக் கண்டுபிடித்தவர் டெஸ்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று பலர் எழுதுகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. 1943 ஜூனில் வந்த தீர்ப்பு, 1904இல் மார்க்கோனிக்கு வழங்கப்பட்ட 763,772 என்ற எண்ணுள்ள ஒரு காப்புரிமையைப் பற்றியது. அனுப்பும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் தலா இரண்டு சுற்றுகள், நான்கையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிப்பது என்பது அதன் சாரம். ஆலிவர் லாட்ஜ், டெஸ்லா, ஜான் ஸ்டோன் ஸ்டோன் ஆகியோரின் முந்தைய ஆவணங்களில் இதற்கான கூறுகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆகவே முக்கியமான கோரல்கள் செல்லாது என்றது நீதிமன்றம். முதலில் வெற்றிகரமாகக் கம்பியில்லாத் தகவல் அனுப்பியவர் என்ற மார்க்கோனியின் பெயருக்கு அடிப்படையான காப்புரிமை வேறு, அது இங்கே விவாதத்திலேயே இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அப்போது மார்க்கோனி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. டெஸ்லா அதே ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார்.

வாங்கும் பக்கத்தில் முதல் தலைவலி, அலை வந்ததை உணர்வது. இதில் ஜகதீஷ் சந்திர போஸின் பெயர் கட்டாயம் வரவேண்டும். கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தை உணர்வியாகப் பயன்படுத்துவதற்காக 1901இல் விண்ணப்பித்து 1904 மார்ச்சில் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை அவருடையது. எண் 755,840. அவருக்குக் காப்புரிமை எடுப்பதில் நாட்டம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் இது நடந்தது.

அப்புறம் வால்வுகள், அதாவது பழைய ரேடியோக்களுக்குள் இருந்த வெற்றிடக் கண்ணாடிக் குழல்கள். ஃபிளெமிங் 1904இல் இரு முனை வால்வுக்குக் காப்புரிமை எடுத்தார், அந்த உரிமை மார்க்கோனி நிறுவனத்திடம் இருந்தது. லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது முனையாக ஒரு கிரிட்டை (கம்பி வலையை) சேர்த்து 1908இல் தனிக் காப்புரிமை பெற்றார். 1916இல் நீதிமன்றம் தந்த விடை இருவருக்கும் கசப்பு: டி ஃபாரஸ்ட்டின் வால்வு ஃபிளெமிங்கின் உரிமையை மீறுகிறது, ஆனால் அந்த கிரிட்டை மார்க்கோனி நிறுவனம் தொட முடியாது. பூட்டு ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். மும்முனை வால்வை இருவருமே சட்டப்படி செய்ய முடியாத நிலை. காப்புரிமை என்பது 'நான் செய்யலாம்' என்ற அனுமதிச் சீட்டு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவேன். அது 'நீ செய்யாதே' என்று அடுத்தவரைத் தடுக்கும் உரிமை, அவ்வளவே. முதல் உலகப் போரில் அரசாங்கம் குறுக்கிட்டு எல்லோரையும் செய்யச் சொன்ன பிறகுதான் இந்த முடிச்சு தளர்ந்தது.

எட்வின் ஆம்ஸ்ட்ராங் இல்லாமல் ரிசீவர் கதை முடியாது. வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை மறுபடி உள்ளீட்டுக்கே ஊட்டினால் மெலிந்த ஒலி பல மடங்கு பெருகும் என்று மாணவராக இருந்தபோதே கண்டார். 1914இல் காப்புரிமை கிடைத்தது. டி ஃபாரஸ்ட் தனக்குத்தான் முன்னுரிமை என்று வழக்குப் போட்டு இழுத்து, 1934இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். தோற்ற ஆம்ஸ்ட்ராங், இதே கண்டுபிடிப்புக்காக ரேடியோ பொறியாளர் கழகம் தமக்கு அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கழகம் வாங்க மறுத்துவிட்டது. நீதிபதிகள் ஒரு பக்கம், பொறியாளர்கள் மறு பக்கம். நான் பொறியாளர்கள் பக்கம்தான்.

அவருடைய சூப்பர்ஹெட்டரோடைன் முறைதான் உண்மையில் ரிசீவரை மாற்றியது. 1919இல் விண்ணப்பம், 1920 ஜூனில் 1,342,885 என்ற எண். தத்துவம் எளிமையானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக எல்லாப் பெருக்கிகளையும் இசைவிப்பதற்குப் பதில், வரும் எந்த அலையையும் முதலில் ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடு, பிறகு அங்கே நிதானமாக வடிகட்டிப் பெருக்கிக்கொள். 1000 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் இருக்கிறது என்று வையுங்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன அலையாக்கி 1455 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. இரண்டும் கலந்தால் அவற்றின் வித்தியாசம், அதாவது 455 கிலோஹெர்ட்ஸ், பிறக்கும். 900க்குப் போகவேண்டுமா? அலையாக்கியை 1355க்கு நகர்த்து, மறுபடி 455. நாம் குமிழைத் திருகும்போது நகர்வது இதுதான். மத்திய அலை ரேடியோக்களில் அந்த 455 வழக்கமாகவே ஆகிவிட்டது. எஃப்எம் பெட்டிகளில் 10.7 மெகாஹெர்ட்ஸ்.

இதில் ஒரு விலையும் உண்டு. 1910 கிலோஹெர்ட்ஸில் யாராவது ஒலிபரப்பினாலும் 1455உடன் வித்தியாசம் 455தானே? அதுவும் உள்ளே நுழையப் பார்க்கும். பிம்ப அதிர்வெண் என்று இதைச் சொல்வார்கள். இதைத் தடுக்கவே முன்வாசலில் ஒரு வடிகட்டி. இந்த ஒரு குறையைச் சரிசெய்வதற்கென்றே பின்னால் எத்தனையோ காப்புரிமைகள் கிளைத்தன. ஒரு நல்ல கண்டுபிடிப்பு தன் கூடவே பத்துப் பேருக்கு வேலையும் கொண்டுவரும்.

ஆம்ஸ்ட்ராங் 1920இல் தன் உரிமைகளை 3,35,000 டாலருக்கு வெஸ்டிங்ஹவுஸுக்கு விற்றார். பிறகு அவை ஆர்சிஏ என்ற அமெரிக்க ரேடியோ நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1920களில் ஆர்சிஏ சூப்பர்ஹெட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் என்ன செய்வது? வேலியைச் சுற்றிப் போனார்கள். ஹேஸல்டைன் என்ற பேராசிரியர் வால்வின் உள்ளே ஏற்படும் தேவையற்ற பின்னூட்டத்தைச் சமன்படுத்தும் 'நியூட்ரோடைன்' முறையைக் கொடுத்தார், பல நிறுவனங்கள் அதைத் தழுவிக்கொண்டன. இன்னொரு பக்கம், பிரான்ஸின் லூசியன் லெவி இதே தத்துவத்தை 1917இலேயே பதிவு செய்திருந்தார். முன்னுரிமைப் போட்டியில் ஆம்ஸ்ட்ராங்கின் அமெரிக்கக் கோரல்களில் பெரும்பாலானவை கடைசியில் லெவி பக்கம் போயின.

திறந்தால் தெரிந்துவிடும் என்றேனே, அதன் விளைவு இது: பிரிட்டனில் மார்க்கோனி நிறுவனம் ஒரு செட்டில் எத்தனை வால்வு சாக்கெட் இருக்கிறது என்று எண்ணி உரிமத்தொகை வாங்கியது. எண்ணுவது சுலபம், மறைப்பது கடினம். சாக்கெட்டை எண்ணிக் கட்டணம் என்றால் சாக்கெட்டைக் குறைக்கத்தானே தோன்றும்! ஜெர்மனியில் லோவே நிறுவனம் 1926இல் 3என்எஃப் என்று ஒரு வால்வு கொண்டுவந்தது. ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் மூன்று மும்முனை வால்வுகள், நான்கு மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள். கிட்டத்தட்ட முழு ரிசீவரும் ஒரே சாக்கெட்டில். ஒருங்கிணைந்த சுற்றின் பாட்டனார் என்று இதைச் செல்லமாகச் சொல்வதுண்டு.

வேதித்துறைக்கு வந்தால் காற்றே வேறு.

வேதிவினையைச் சொந்தம் கொண்டாட முடியுமா என்றால், வினை நடக்கிறது என்ற உண்மையை முடியாது, அதைப் பயனுள்ள வகையில் நடத்தும் முறையை முடியும். எர்னெஸ்ட் சால்வே 1861இல் உப்பு நீர், அமோனியா, கரியமில வாயு கொண்டு சலவைச் சோடா தயாரிக்கும் முறையைப் பதிவு செய்தபோது, அந்த வினை புதியது என்றே நினைத்திருந்தார். அது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த ஒன்று. 1838இலேயே பிரிட்டனில் இருவர் காப்புரிமைகூட எடுத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் யாராலும் லாபமாக நடத்த முடியவில்லை. அமோனியா விலை உயர்ந்தது, கசிந்து போனால் கணக்கு உதைக்கும். சால்வேயிடம் மிஞ்சியது ஒரு கோபுரம். மேலிருந்து அமோனியா கலந்த உப்பு நீர் இறங்க, கீழிருந்து வாயு ஏற, வேலை நிற்காமல் நடந்தது. அமோனியாவையும் மீட்டு மறுபடி உள்ளே விட்டார். தொழிலைக் கொடுத்தது அந்தக் கோபுரம்தான், வினை இல்லை.

அமோனியாவிலும் அதே கதை, இன்னும் பெரிய அளவில். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அமோனியா வரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஒரு சுற்றில் கொஞ்சம்தான் மாறும், மீதி அப்படியே வெளியே வரும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1908 அக்டோபரில் விண்ணப்பித்த ஜெர்மன் காப்புரிமையின் கோரலைப் பாருங்கள்: அழுத்தத்தைக் குறைக்காமலேயே வாயுவைச் சுற்றவிடுவது, உண்டான அமோனியாவைத் தொடர்ந்து பிரித்தெடுப்பது, வெளியேறும் வாயுவின் சூட்டை உள்ளே வரும் வாயுவுக்குக் கொடுப்பது. அதாவது, மாறாத மீதியை வீணாக்காத ஒரு ஏற்பாடு. 1909 ஜூலையில் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதி நிறுவனத்தின் ஆட்களுக்குச் செய்து காட்டினார். 1912இல் போட்டி நிறுவனமான ஹோக்ஸ்ட் இந்த உரிமையைக் கவிழ்க்கப் பார்த்தது. முன்பு ஹேபரின் அளவீடுகளையே கேள்வி கேட்டிருந்த வால்டர் நெர்ன்ஸ்ட், இந்த வழக்கில் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல, வழக்கு தோற்றது.

வினையூக்கி தேடியது தனி வேள்வி. ஹேபர் பயன்படுத்திய ஆஸ்மியம் கிடைத்தற்கரிய உலோகம். பிஏஎஸ்எஃப்பில் ஆல்வின் மிட்டாஷ் குழு 2,500க்கும் மேற்பட்ட கலவைகளைச் சோதித்தது. கடைசியில் வென்றது இரும்புதான், ஆனால் தனி இரும்பு இல்லை, அலுமினா, பொட்டாஷ் போன்றவை சிறிதளவு சேர்ந்தது. இதற்குள் இன்னொரு பிரச்சினை: உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகிலுள்ள கார்பனைத் தின்று கலனையே வெடிக்க வைத்தது. கார்ல் பாஷ் உள்ளே கார்பன் குறைந்த மென்மையான இரும்பு உறை போட்டு, வெளி எஃகுச் சுவரில் சின்னச் சின்னத் துளைகள் இட்டார். கசியும் ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் துளை வழியே போய்விடும். 1913 செப்டம்பரில் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது.

இங்கேதான் சுவருக்குப் பின்னால் என்று நான் சொன்னது வருகிறது. காப்புரிமை ஆவணம் எல்லோரும் படிக்கக் கிடைத்தது. ஆனாலும், ஹேபர் முறையின் ஒரு மாற்று வடிவத்தை வைத்து அமெரிக்கர்கள் 1918இல் அலபாமாவில் கட்டிய ஆலை ஒழுங்காக ஓடவே இல்லை. எழுத வேண்டியதை எழுதிவிட்டு, நாள்பட்ட கைப்பழக்கத்தை ஆலைக்குள்ளேயே வைத்துக்கொள்வது வேதித் தொழிலின் பழைய வித்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ரேடியோக்காரனுக்கு முடியாது, இவர்களுக்கு முடியும்.

மறுபக்கம், உரிமையாளருக்கும் அதே சுவர்தான் தொல்லை. போட்டியாளர் விற்கும் அமோனியாவை முகர்ந்து பார்த்தால் எந்த முறையில் செய்தது என்று தெரியுமா? அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி? இதற்குச் சட்டம் இரண்டு வழி கண்டது. 1891இல் ஜெர்மனி, காப்புரிமை பெற்ற முறையால் நேரடியாகக் கிடைக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு நீளும் என்றது. பிற்காலத்தில் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, 34ஆவது பிரிவில், சில சூழல்களில் 'வேறு முறையில்தான் செய்தேன்' என்று காட்டும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேலேயே வைத்தது. இத்தனைக்கும் ஜெர்மனியில் 1877 முதல் 1968 வரை வேதிப்பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டமும் மருந்து, உணவு, வேதிப்பொருள்களுக்கு அப்படியே வைத்து, 2005இல்தான் மாற்றியது. பொருளுக்கு உரிமை இல்லை என்றால் வேறு வழியில் அதே பொருளைச் செய்யலாம். அப்படி வளர்ந்த தொழில்கள் ஏராளம்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று மட்டும்: அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தைச் செயற்கையாகச் செய்யும் முறைக்கு காரோ, கிரேப, லீபர்மான் மூவரும் பிரிட்டனில் விண்ணப்பித்த நாள் 1869 ஜூன் 25. வில்லியம் பெர்கின் விண்ணப்பித்தது ஜூன் 26. சண்டை போடாமல் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சரி, சூதாட்டம்.

ஆரம்பத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் முகம் சுளித்தன. காப்புரிமைக்கு ஒரு நிபந்தனை 'பயன்'. ஒழுக்கக் கேடான காரியத்துக்கு மட்டும் பயன்படுவது பயனே இல்லை என்று வாதம். 1889இல் மதுக்கடைகளில் பந்தயம் கட்டப் பயன்பட்ட ஒரு பொம்மைக் குதிரை ஓட்டக் கருவியின் காப்புரிமையை இப்படித்தான் செல்லாது என்றார்கள். 1903இல் காற்று கொஞ்சம் திரும்பியது. போலிக் காசைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கருவி, சூதாட்ட இயந்திரங்களில் மாட்டப்பட்டிருந்தது. நல்ல இயந்திரத்திலும் இதை மாட்டலாமே, பிறகென்ன என்றது நீதிமன்றம். சூதாட்டம் என்ற ஒரே காரணத்தால் மறுக்கக்கூடாது என்று காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு தெளிவாகச் சொன்னது 1977இல்தான். ஸ்லாட் மெஷின் விண்ணப்பம் ஒன்றில் வந்த முடிவு அது.

ஏழே ஆண்டுகளில், 1984 மே மாதம், இந்தத் துறையையே புரட்டிப்போட்ட 4,448,419 என்ற காப்புரிமை வந்தது. கண்டுபிடித்தவர் பெயர் இங்கே டெல்னேஸ் (Inge Telnaes). இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய இயந்திரத்தில் மூன்று உருளைகள். ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தங்கள் என்றால் மொத்தச் சேர்க்கைகள் 22 × 22 × 22, அதாவது 10,648. பெரும்பரிசுச் சின்னம் உருளைக்கு ஒன்று என்றால் வாய்ப்பு 10,648இல் ஒன்று. லட்சக்கணக்கில் பரிசு கொடுக்க இது போதாது, முதலாளி திவாலாகிவிடுவார். உருளையைப் பெரிதாக்கினால், எண்ணிக்கையைக் கூட்டினால், ஆடுபவர் 'இது கஷ்டம்' என்று உணர்ந்து விலகிவிடுகிறார். டெல்னேஸின் விடை: உருளை நின்ற இடம் முடிவைத் தீர்மானிக்கவேண்டாம். ஒரு சமவாய்ப்பு எண் ஆக்கி, ஓர் உருளைக்கு, 64 எண்களில் ஒன்றை எடுக்கட்டும். அந்த 64ஐயும் 22 நிறுத்தங்களுக்கு ஓர் அட்டவணை மூலம் பங்கிடு. பெரும்பரிசுச் சின்னத்துக்கு ஒரே ஒரு எண், வெற்றிடங்களுக்குப் பல. இப்போது வாய்ப்பு 64 × 64 × 64, அதாவது 2,62,144இல் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் உருளையோ அதே 22 நிறுத்தம்தான். உருளை சுற்றுவது வெறும் காட்சி, முடிவு சுற்றத் தொடங்கும்போதே ஆகிவிட்டது.

இதில் மறைமுகமாக எதுவும் இல்லை. உண்மையில் இருப்பதைவிட வெல்லும் வாய்ப்பு அதிகம் என்று ஆடுபவருக்குத் தோன்றவைப்பது முக்கியம் என்ற கருத்தை ஆவணமே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. எந்தச் சூதாட்டக் கூடத்தின் விளம்பரமும் இதை உங்களுக்குச் சொல்லாது. வெளிப்படுத்தினால்தான் உரிமை என்ற காப்புரிமைச் சட்டம் சொல்ல வைத்துவிட்டது.

அட்டவணையில் இன்னொரு குறும்பும் செய்யலாம். ஒரு கற்பனைக் கணக்கு: பெரும்பரிசுச் சின்னத்துக்கு ஒரு எண், அதற்கு நேர் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குத் தலா ஐந்து எண்கள். அப்போது சின்னம் கோட்டில் நிற்பதைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கோட்டுக்கு ஒரு முடி மேலேயோ கீழேயோ நிற்கும். 'அடடா, தவறிவிட்டதே' என்று இன்னொரு காசு போடத் தோன்றும். இந்தக் 'கிட்டத்தட்ட வெற்றி' உணர்வு தற்செயல் இல்லை, அட்டவணை போட்டவரின் கைவண்ணம். சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் ஐஜிடி நிறுவனம் இந்தக் காப்புரிமையை வாங்கி, போட்டியாளர்களுக்கும் உரிமம் கொடுத்துச் சம்பாதித்தது.

மென்பொருள் நுழைந்த பிறகு சிக்கல் வேறு திசைக்குப் போனது. 2008இல், அதே தொழிலில் உள்ள அரிஸ்டோகிராட் நிறுவனம் ஐஜிடிமேல் போட்ட வழக்கில், அரிஸ்டோகிராட்டின் கோரலில் 'விளையாட்டுக் கட்டுப்பாட்டுச் சாதனம்' என்று இருந்தது. விளக்கமோ, தகுந்தபடி நிரலிட்ட சாதாரண நுண்செயலி என்பதோடு நின்றுவிட்டது. எந்தப் படிமுறை என்று சொல்லாததால் செல்லாது என்றது அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம். அதே நிறுவனம் ஆஸ்திரேலியாவில் இன்னொரு கேள்வியில் மாட்டியது: கணினியில் ஓடும் சூதாட்ட விளையாட்டு, இயந்திரமா அல்லது வெறும் விளையாட்டு விதியா? 2022 ஆகஸ்டில் அங்குள்ள உயர்நீதிமன்றத்தின் (அந்நாட்டின் உச்ச அமைப்பு அதுதான்) ஆறு நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். வழக்கு அத்தோடு ஓயவும் இல்லை.

கடைசிக் கேள்வி: இன்றும் செல்லுமா? நான் பெயர் சொன்ன தொழில்நுட்பக் காப்புரிமைகள் எல்லாம் காலாவதி ஆனவை. இன்றைய பொது விதி விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், இடையே புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்னதாகவே போய்விடும். டெல்னேஸின் உரிமை 2002இல் தீர்ந்தது. ஹேபருடையதும் ஆம்ஸ்ட்ராங்கினுடையதும் எப்போதோ பொதுச்சொத்து, நீங்கள் நாளைக்கே ஒரு சூப்பர்ஹெட் செய்து பாருங்கள், யாரும் கேட்க முடியாது. ஆனால் பட்டியலில் பார்த்த எண்ணைத் தேடி எடுத்ததும் அதன் மேல் பின்னால் வந்த மேம்பாடுகளையும் பாருங்கள். அடிமரத்துக்கு வேலி போயிருக்கும், நீங்கள் தொட நினைக்கும் கிளைக்கு இருக்கலாம்.